மிச்ச காசுல எஸ்எம்பிஎஸ் வாங்காதீங்க: என் முதல் கேமிங் பிசி அனுபவம்

புதுசா அசெம்பிள் பண்ணி நாலாவது நாள் அது. ராத்திரி பதினோரு மணி இருக்கும், கேம்ல பெரிய சண்டை ஓடிட்டு இருக்கு, டப்புனு ஸ்கிரீன் கறுப்பாயிடுச்சு. புளூ ஸ்கிரீன் வரல, எரர் எதுவும் வரல, கேபினட்டுக்குள்ள ஃபேன் சத்தம் மொத்தமா நின்னு போச்சு, ரெண்டு செகண்டு கழிச்சு தானாவே திரும்ப ஆன் ஆகி விண்டோஸ் லோகோ வருது. கரண்டு போயிட்டு வந்துச்சோன்னு பாத்தா ரூம்ல லைட்டு எரிஞ்சுகிட்டேதான் இருக்கு. சரின்னு மறுபடி கேமை ஓபன் பண்ணேன், இருபது நிமிஷம் நல்லா போச்சு, மறுபடியும் அதே டப்பு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, ஏன்னா ரெண்டு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா சேத்து வச்ச காசு மொத்தமும் அந்தப் பொட்டிக்குள்ளதான் இருக்கு.

என்ன ஆச்சுன்னு கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. அதுல கத்துக்கிட்டதத்தான் இங்க எழுதுறேன், முதல் தடவையா கம்மி பட்ஜெட்ல கேமிங் பிசி போடப் போறவங்க யாராவது படிச்சா அந்த ரெண்டு வாரம் அவங்களுக்காவது மிச்சமாகட்டும்.

மொதல்ல லிஸ்ட் போட்ட கதையில இருந்து வரேன். நான் முதல்ல போட்ட லிஸ்ட்ல ப்ராசஸர் ரைசன் 7 5700எக்ஸ், எட்டு கோர், அதாவது ஒரே நேரத்துல வேலை பாக்குற எட்டு பகுதி. கலர் கலரா லைட்டு எரியற ரேம். முன்பக்கம் முழுக்க கண்ணாடி வச்ச கேபினட். இதெல்லாம் போக மிச்சம் இருந்த காசுக்கு ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு, 4 ஜிபி. ப்ராசஸர்தான் மூளை, மூளை நல்லா இருந்தா மத்ததெல்லாம் தானா நல்லா இருக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன். எங்க பெரியம்மா பையன், எனக்கு அண்ணன் முறை, அவருக்கு இதெல்லாம் அத்துப்படி, நிறைய பேருக்கு அசெம்பிள் பண்ணிக் குடுத்திருக்காரு. லிஸ்ட அவருக்கு அனுப்பினேன், அஞ்சு நிமிஷத்துல போன் வந்துச்சு.

"லிஸ்ட் இருக்கட்டும்டா, நீ எந்த ஸ்கிரீன்ல விளையாடப் போற?"

"பழைய மானிட்டர்தாண்ணே. 1080பி, 60 ஹெர்ட்ஸ்."

"என்ன மாதிரி கேமு?"

"கதை உள்ள கேம்தான் அதிகம். ஷூட்டிங் எப்பவாச்சும், ஃப்ரெண்ட்ஸ் கூப்பிட்டா."

"அப்புறம் எதுக்கு எட்டு கோர்? 4 ஜிபி கார்டுல டெக்ஸ்சர் எல்லாத்தையும் லோல போட்டு விளையாடவாடா இத்தன நாள் காசு சேத்த?"

எனக்குக் கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்துச்சு, ஆனா அவரு கேட்டது நியாயம். கேம் ஓடும்போது உள்ள என்ன நடக்குதுன்னு அன்னைக்குத்தான் அவரு எனக்குப் புரியுற மாதிரி சொன்னாரு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது ஸ்கிரீன்ல அடுத்தடுத்து வர்ற ஒவ்வொரு படத்துக்கும், யாரு எங்க நிக்கிறா, குண்டு எங்க போகுது, எதை எல்லாம் வரையணும்ங்கிற கணக்க ப்ராசஸர் போட்டு முடிச்சுக் குடுக்கும், அதை வாங்கி கிராஃபிக்ஸ் கார்டு படமா வரையும். 60 ஹெர்ட்ஸ் ஸ்கிரீன்ல, அதாவது செகண்டுக்கு 60 தடவை படம் மாறுற ஸ்கிரீன்ல, ஒரு ஃபிரேமுக்கு கிடைக்கிற நேரம் சுமார் 16.7 மில்லி செகண்டு, அந்தக் கணக்க ஒரு நல்ல ஆறு கோர் ப்ராசஸர் பெரும்பாலான கேம்ல அதுக்கு ரொம்ப முன்னாடியே முடிச்சுட்டு கார்டுக்காக காத்துகிட்டு நிக்கும். கதை கேம்ல, கிராஃபிக்ஸ் நல்லா தெரியணும்னு செட்டிங்ஸ ஏத்தி வச்சு விளையாடுறவங்களுக்கு முட்டிக்கிட்டு நிக்கப் போறது கார்டுதான். அங்க ப்ராசஸர்ல போட்ட கூடுதல் காசு சும்மா உக்காந்துட்டு இருக்கும். இதே 144 இல்லன்னா 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வச்சு, செட்டிங்ஸ் எல்லாம் கீழ இறக்கி போட்டி ஷூட்டிங் மட்டுமே விளையாடுற ஆளுன்னா கதை வேற, 144ல ஒரு ஃபிரேமுக்கு 7 மில்லி செகண்டு கூட இல்ல, அப்ப ப்ராசஸர் வேகம் நல்லாவே தெரியும்.

அதனாலதான் ஸ்கிரீன்ல இருந்து பின்னாடி வரணும்னு சொல்றாங்க. 1080பி ஸ்கிரீன்ல இருக்கிறது சுமார் 20.7 லட்சம் புள்ளி. 1440பி-க்குப் போனா 36.9 லட்சம். 4கே-ன்னா 82.9 லட்சம், அதாவது 1080பி மாதிரி நாலு மடங்கு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கார்டு இத்தன புள்ளிக்கும் கலர் கண்டுபிடிக்கணும். இருக்கிற மானிட்டர் 1080பி, அத இப்போதைக்கு மாத்தப் போறதில்லன்னா, 1440பி-க்கு வாங்குற கார்ட வாங்கி என்ன பிரயோஜனம், அந்தக் காச வேற எடத்துல போடலாம்.

அப்படிப் பேசிப் பேசி மூணாவது லிஸ்ட்ல வந்து நின்னது ரைசன் 5 5600, ரேடியான் ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி கார்டு, ஒரு சின்ன சைஸ் பி550 மதர்போர்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 8 ஜிபி ரேம் ஒத்தை ஸ்டிக். கேபினட்டு மட்டும் நான் பாத்துக்கிறேன்னு அண்ணன்கிட்ட சொன்னேன், அவரு ஊருக்குப் போற அவசரத்துல சரின்னுட்டாரு. அங்கதான் கோட்டை விட்டேன். நான் எடுத்த கேபினட்டோட 500 வாட் எஸ்எம்பிஎஸ், அதான் சுவத்து கரண்ட பிசிக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்கிற பொட்டி, ஃப்ரீயா வந்துச்சு, தனியா வாங்க வேண்டிய செலவு மிச்சம்னு சந்தோஷமா எடுத்துட்டு வந்துட்டேன்.

இப்ப அந்த நாலாவது நாளுக்கு வரேன். ரீஸ்டார்ட் ஆக ஆரம்பிச்சதும் நான் பண்ணாத வேலை இல்ல. கிராஃபிக்ஸ் டிரைவர சுத்தமா எடுத்துட்டு திரும்பப் போட்டேன். விண்டோஸையே அழிச்சுட்டு புதுசா போட்டேன். ரேமுக்கு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட விட்டேன், ஒரு எரர் கூட இல்ல. சூடு ஆகுதோன்னு எச்டபிள்யூஇன்ஃபோ போட்டுப் பாத்தா கார்டு 70 டிகிரி சுத்துது, ப்ராசஸரும் அதே ரேஞ்சுதான், பயப்பட எதுவும் இல்ல. ஈவென்ட் வியூவர்ல போய்ப் பாத்தா ஒவ்வொரு தடவையும் கெர்னல் பவர் 41னு ஒரு சிவப்பு வரி. அதைத் தேடிப் படிச்சு ஒரு நாள் முழுக்கப் போச்சு, கடைசில அதுக்கு அர்த்தம் 'முறையா ஷட்டவுன் ஆகாம மெஷின் நின்னுடுச்சு'ங்கிறது மட்டும்தான், ஏன் நின்னுச்சுன்னு அது சொல்லாது. வாங்குன கடைல கேட்டேன், கார்டுதான் போயிருக்கும், விட்டுட்டுப் போங்க, திரும்ப வர ஒரு மாசம் ஆகும்னாங்க.

கார்ட கழட்டிக் குடுக்கறதுக்கு முன்னாடி ராத்திரி சும்மா ஒரு வேலை பண்ணேன், கேம் செட்டிங்ஸ்ல ஃபிரேம் லிமிட்ட 30ல வச்சு விளையாடிப் பாத்தேன். மூணு மணி நேரம், ஒரு தடவை கூட நிக்கல. லிமிட்ட எடுத்தேன், அரை மணி நேரத்துக்குள்ள டப்பு. இத அண்ணன்கிட்ட சொன்ன உடனே அவரு குரலே மாறிடுச்சு. "கார்ட அப்படியே வை, தொடாத. சைடு கதவத் தொறந்து எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர போட்டோ எடுத்து அனுப்பு." அனுப்பினேன். "500னு பெருசா போட்டிருக்கான்ல, அதைப் பாக்காத. கீழ கட்டம் கட்டமா இருக்கும், அதுல +12 வோல்ட்டுக்கு நேரா என்ன நம்பர்னு படி."

20 ஆம்ப்னு போட்டிருந்துச்சு.

12 வோல்ட்ட 20 ஆம்பால பெருக்குனா 240 வாட். இன்னைக்கு இருக்கிற பிசியில ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் சாப்பிடுறது கிட்டத்தட்ட முழுக்க அந்த 12 வோல்ட்ல இருந்துதான். ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு கம்பெனி சொல்ற கணக்கே 132 வாட், ரைசன் 5 5600 ஃபுல் லோடுல 76 வாட் வரைக்கும் இழுக்கும், ரெண்டும் சேந்தா 208. அதுக்கு மேல போர்டு, ஃபேனு, எஸ்எஸ்டி. இது போக கிராஃபிக்ஸ் கார்டு எப்பவும் ஒரே மாதிரி கரண்டு இழுக்காது, சில மில்லி செகண்டுக்கு சொன்ன அளவுக்கு மேல எகிறிட்டுத் திரும்ப இறங்கும், நல்ல எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்கும், இது தாங்கல. 30 ஃபிரேம்ல வச்சப்ப கார்டு பாதி வேலைதான் பாத்துச்சு, அதனால நிக்கல. 500ங்கிற நம்பர எப்படி வர வச்சாங்கன்னா 3.3 வோல்ட்டு, 5 வோல்ட்டு, 12 வோல்ட்டு எல்லாத்தையும் சேத்துக் கூட்டிப் போட்டிருக்காங்க, அந்த 3.3-லயும் 5-லயும் இருக்கிற வாட்ட வச்சு நம்ம கார்டுக்கு ஒரு உபயோகமும் கிடையாது.

இன்னொன்னும் இருந்துச்சு. அந்த எஸ்எம்பிஎஸ்ல கார்டுக்கு வேண்டிய 8 பின் கேபிளே கிடையாது, ஹார்டு டிஸ்க்குக்குப் போற பழைய நாலு பின் மோலெக்ஸ் ரெண்ட ஒண்ணா சேத்து 8 பின்னா மாத்துற ஒரு அடாப்டர் போட்டுத்தான் கார்டுக்கு பவர் குடுத்திருந்தேன். 8 பின்னுங்கிறது 150 வாட் வரைக்கும் குடுக்கணும்னு வச்சிருக்கிற கனெக்டர். அண்ணன் சொன்னாருன்னு பத்து நிமிஷம் கேம் ஓட விட்டுட்டு அந்த அடாப்டர்ல கை வச்சுப் பாத்தேன், வெரல எடுக்கற அளவுக்கு சுட்டுச்சு. கழட்டிப் பாத்தா வெள்ளை பிளாஸ்டிக்கு ஒரு பின்ன சுத்தி மட்டும் பழுப்பு நெறத்துல இருக்கு. ரெண்டு வாரமா ரீஸ்டார்ட் ஆகுது ரீஸ்டார்ட் ஆகுதுன்னு நான் சலிச்சுக்கிட்டேன், அது நிக்காம ஓடியிருந்தாதான் பெரிய ஆபத்து.

அடுத்த நாளே 550 வாட் பிரான்ஸ் எஸ்எம்பிஎஸ் ஒண்ணு வாங்கினேன், ஸ்டிக்கர்ல 12 வோல்ட்டுக்கு நேரா 45 ஆம்ப், அதாவது 540 வாட். சொன்ன வாட்டுல கிட்டத்தட்ட எல்லாமே 12 வோல்ட்லயே இருக்கணும், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு கடையிலயே வச்சுப் பாக்கக்கூடிய முதல் அடையாளம் இதுதான். போட்ட அன்னைக்கு நின்ன ரீஸ்டார்ட், அதுக்கப்புறம் ஒரு தடவை கூட வரல.

80 பிளஸ் பிரான்ஸ், கோல்டுங்கிறத நிறைய பேரு தரச் சான்றிதழ் மாதிரி நெனச்சுக்கிறாங்க. அது சுவத்துல இருந்து இழுக்கிற கரண்டுல எத்தன சதவீதம் உருப்படியா உள்ள போகுது, எவ்வளவு சூடா வீணாகுதுங்கிற கணக்கு மட்டும்தான். ஷார்ட் ஆனா, ஓவர் லோடு ஆனா தானா கட் ஆகுற பாதுகாப்பு இருக்கா, வாரண்டி எத்தன வருஷம்னு தனியா பாக்கணும். அஞ்சு வருஷமோ அதுக்கு மேலயோ வாரண்டி குடுக்கிறவங்க அவங்க பொருள் மேல நம்பிக்கை வச்சுத்தான் குடுக்கிறாங்கன்னு நான் எடுத்துக்கிறேன். அப்புறம் மாடுலர் டைப் வாங்குனீங்கன்னா, அதாவது கேபிள கழட்டி மாட்டுற மாதிரி இருக்கறது, பழைய எஸ்எம்பிஎஸ்ஸோட கேபிள புதுசுல மாட்டிடாதீங்க. கார்டு பக்கம் போற முனை எல்லாத்துலயும் ஒரே மாதிரிதான், ஆனா எஸ்எம்பிஎஸ் பக்கம் போற முனைல எந்தப் பின்ல எந்த வோல்ட்டுங்கிறது கம்பெனிக்கு கம்பெனி மாறும். சொருகினா கச்சிதமா உக்காரும், ஆன் பண்ணா எஸ்எஸ்டி புகையும்.

இப்ப என்கிட்ட யாராவது லிஸ்ட் கேட்டா மொத்த காசுல முதல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு எடுத்து ஓரமா வச்சிடச் சொல்றேன். அப்புறம் கார்டு. மானிட்டர விட்டுட்டு மிச்ச பிசிக்கு இருக்கிற காசுல 35ல இருந்து 40 சதவீதம் கார்டுக்குப் போனா கதை கேம் விளையாடுறவங்களுக்கு சரியா இருக்கும்ங்கிறது என் கணக்கு. வெளிய தெரியுற பார்ட்டுக்கெல்லாம் காசு குடுத்துட்டு உள்ள மறைஞ்சு உக்காந்திருக்கிற பார்ட்டுக்கு மிச்ச காசுன்னு வச்சா நான் பட்ட பாடுதான்.

ரேம் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். 8 ஜிபி ஒத்தை ஸ்டிக் வாங்குனேன், அப்புறமா இன்னொன்னு போட்டுக்கலாம்னு. கேம்ல ஃபிரேம் கவுண்டர் 60னுதான் காட்டும், ஆனா புது ஏரியாக்குள்ள போகும்போதெல்லாம் திக்கித் திக்கி நிக்கும், திரும்புனா ஒரு குலுக்கு. டாஸ்க் மேனேஜர்ல பாத்தா மெமரி 95 சதவீதத்துக்கு மேல போயிடுது, பக்கத்துல ஸ்பீடுன்னு போட்டு 2666. நான் வாங்குனது 3200 ரேம். என்னன்னு விசாரிச்சா, பொட்டில போட்டிருக்கிற வேகத்துல ரேம் தானா ஓடாதாம், பயாஸ்க்குள்ள, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற போர்டோட செட்டிங்ஸ்க்குள்ள, போய் எக்ஸ்எம்பி-ய ஆன் பண்ணணும், சில போர்டுல அதையே டிஓசிபின்னு போட்டிருப்பாங்க, டிடிஆர்5 போர்டுல எக்ஸ்போன்னு இருக்கும். ஒரு கிளிக்தான். அத ஆன் பண்ணி, இன்னொரு 8 ஜிபியும் வாங்கி, ப்ராசஸர்ல இருந்து எண்ணினா ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல போட்டேன், நாலு ஸ்லாட் போர்டுல அதுதான் சரியான ஜோடி. டிடிஆர்4 3200 ஒத்தையா ஓடுனா செகண்டுக்கு 25.6 ஜிபி போக்குவரத்து, ஜோடியா ஓடுனா 51.2. திக்கல் சுத்தமா நின்னுச்சு. 8 ஜிபி பத்தாததும் ஒரு காரணம், ஒத்தை சேனலும் ஒரு காரணம், எது எவ்வளவுன்னு நான் பிரிச்சுப் பாக்கல, ஆனா 16 ஜிபி வாங்குறதா இருந்தா 8-ஆ ரெண்டு வாங்குங்க, ஒரே பாக்கெட்ல ஜோடியா வர்றத வாங்குங்க.

ப்ராசஸர்ல பேர் ஒண்ணு போல இருக்கிறத வச்சு ஏமாறக் கூடாது. 5500-க்கும் 5600-க்கும் நூறுதான் வித்தியாசம்னு தோணும், ரெண்டுமே ஆறு கோர் பன்னெண்டு த்ரெட்டுதான். ஆனா 5600-ல எல்3 கேஷ், அதாவது ப்ராசஸர் உள்ளயே இருக்கிற வேகமான சின்ன மெமரி, 32 எம்பி, 5500-ல பாதி, 16 எம்பிதான், கேம்ல அது தெரியும். கார்டுக்கும் ப்ராசஸருக்கும் நடுவுல டேட்டா போற பாதைக்குப் பேரு பிசிஐஇ, 5500 அதுல 3.0 மட்டும்தான் சப்போர்ட் பண்ணும், 5600 பிசிஐஇ 4.0. இது யாருக்கு அடிக்கும்னா அந்தப் பாதையில கம்மி லேன், அதாவது கம்மி தடம், இருக்கிற கார்டு வாங்குறவங்களுக்கு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு நாலு லேன்தான், மெமரியும் 4 ஜிபிதான், அந்த 4 ஜிபி நெறஞ்சதும் ரேமுக்கு அந்த நாலு லேன் வழியாத்தான் போய் வரணும், பிசிஐஇ 3.0-ல மாட்டினா அந்த வழி இன்னும் பாதியாகும். கம்மி விலைன்னு நானும் அந்தக் கார்டுகிட்ட ஒரு தடவை போய் நின்னேன், கேம்ப்ளே ரெக்கார்டு பண்றதுக்கு வேண்டிய வீடியோ என்கோடரும் அதுல கிடையாதுன்னு தெரிஞ்சதும் விட்டுட்டேன். இன்டெல் பக்கம் பட்ஜெட்ல ஐ5 12400எஃப் நல்ல ப்ராசஸர், இன்னும் கம்மின்னா ஐ3 12100எஃப், நாலு கோர் எட்டு த்ரெட், 60 ஹெர்ட்ஸ் ஸ்கிரீனுக்கு நிறைய கேம்ல அதுவே போதும்.

அந்த கடைசி எஃப் எழுத்தப் பத்தி ஒண்ணு சொல்லணும். எஃப்னா உள்ள கிராஃபிக்ஸ் கிடையாதுன்னு அர்த்தம். 5600-லயும் கிடையாது. முதல் தடவை ஆன் பண்ணப்ப எல்லா ஃபேனும் சுத்துது, லைட்டெல்லாம் எரியுது, மானிட்டர்ல நோ சிக்னல். ரேம கழட்டி மாட்டுனேன், கார்ட கழட்டி மாட்டுனேன், ஒரு மணி நேரம் போராடி கடைசில பின்னாடி எட்டிப் பாத்தா எச்டிஎம்ஐ கேபிள் மதர்போர்டு போர்ட்ல இருக்கு. கீழ கார்டு போர்ட்ல மாத்திச் சொருகினேன், படம் வந்துச்சு. உள்ள கிராஃபிக்ஸ் இருக்கிற ப்ராசஸரா இருந்தா இன்னும் கஷ்டம், படம் வரும், ஆனா கார்டு சும்மா இருக்கும், கேம் மட்டும் ஏன் இப்படி நகருதுன்னு குழம்பிட்டு இருப்பீங்க.

மதர்போர்டுல பெருசா காசு கொட்ட வேண்டாம். ரேம் ஸ்லாட் நாலு இருந்தா நல்லது, ஒரு என்விஎம்இ ஸ்லாட், ப்ராசஸர சுத்தி பவர் பகுதி மேல ஒரு ஹீட்சிங்க். வாங்குறதுக்கு முன்னாடி கம்பெனி சைட்ல அந்த போர்டு எந்த பயாஸ் வெர்ஷன்ல இருந்து உங்க ப்ராசஸர சப்போர்ட் பண்ணுதுன்னு பாருங்க, ஏன்னா பி450 மாதிரி பழைய போர்டு ரைசன் 5000-க்கு முன்னாடி வந்தது, ரொம்ப நாளா கடைல கிடந்த பொட்டின்னா பயாஸ் அப்டேட் பண்ணாம ஸ்கிரீனே வராது. பென் டிரைவ் சொருகி ப்ராசஸர் இல்லாமலே பயாஸ் மாத்துற பட்டன் சில போர்டுல இருக்கு, இருந்தா நிம்மதி.

இப்ப புதுசா வாங்குறவங்க ரைசன் ப்ராசஸர் உக்கார்ற சாக்கெட்டுல 5600 உக்கார்ற ஏஎம்4 போகலாமா, அதுக்கு அடுத்து வந்த ஏஎம்5 போகலாமான்னு கேப்பாங்க. ஏஎம்5 2022-ல வந்தது, டிடிஆர்5 ரேம் மட்டும்தான் எடுக்கும், அதனால போர்டு, ரேம் ரெண்டுலயும் செலவு ஏறும், ஆனா பின்னாடி ப்ராசஸர் மட்டும் மாத்திக்கலாம். கை கொஞ்சம் தாராளமா இருந்தா அதான் சரி. ஏறுன செலவு கார்டுல இருந்து போகுதுன்னா நான் ஏஎம்4-லயே நிப்பேன். அதுலயும் மேல ஏற வழி இருக்கு, 2022-ல வந்த 5800எக்ஸ்3டி-ல எல்3 கேஷ் 96 எம்பி, பி550 போர்டுல பயாஸ் அப்டேட் பண்ணிட்டு அப்படியே உக்கார வைக்கலாம்.

எஸ்எஸ்டி 500 ஜிபி எடுத்தது சின்ன தப்பு. பெரிய கேம் ஒண்ணே 100 ஜிபிய தாண்டுது, விண்டோஸ் போக மூணு கேமுக்கு மேல நிக்கல. வேகமான மாடல்னு கூடுதல் காசு குடுக்கிறதுக்கு அதே காசுல 1 டிபி எடுத்திருக்கணும். ஹார்டு டிஸ்க்ல இருந்து எஸ்எஸ்டி-க்கு வரும்போது தெரியுற வித்தியாசம் மலை, கேபிள் போட்டு மாட்டுற சாட்டா எஸ்எஸ்டி-ல இருந்து போர்டுலயே நேரா சொருகுற என்விஎம்இ-க்குப் போகும்போது கேம் லோடிங்ல தெரியுறது கொஞ்சம்தான்.

கேபினட்டு முன்பக்கம் ஓட்டை ஓட்டையா மெஷ் இருக்கணும், காத்து உள்ள இழுக்க ரெண்டு ஃபேன், வெளிய தள்ள ஒண்ணு, அவ்வளவுதான். கார்டோட நீளம் எத்தன மில்லிமீட்டர், கேபினட்டு எத்தன வரைக்கும் எடுக்கும்னு ரெண்டு நம்பரையும் பக்கத்துல வச்சுப் பாத்துடுங்க.

அசெம்பிள் பண்றத பத்தி நிறைய வீடியோ இருக்கு, நான் சிக்குன ஒரு எடத்த மட்டும் சொல்றேன். 5600 கூட வர்ற கூலர் ஸ்க்ரூ போட்டு மாட்டுறது. போர்டுல ப்ராசஸருக்கு ரெண்டு பக்கமும் கறுப்பு பிளாஸ்டிக் கிளிப் மாட்டி வரும், அத திருப்புளி வச்சுக் கழட்டினாதான் கூலர் உக்காரும். கழட்டின உடனே பின்பக்கம் இருக்கிற இரும்புப் பிளேட்டு கீழ விழுந்துடும், அதுல இருந்துதான் ஸ்க்ரூ புடிக்கணும். அதனால ஒரு கையால பின்னாடி பிளேட்ட தாங்கிப் புடிச்சுக்கிட்டு, மறு கையால குறுக்குக் குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா நாலு ஸ்க்ரூவையும் முடுக்கணும், ஒண்ண மட்டும் முழுசா முடுக்கிட்டா கூலர் சாஞ்சுக்கும். பேஸ்ட் அடியிலயே தடவி வரும், அதுல வெரல வச்சுடாதீங்க.

செகண்ட் ஹேண்ட் கார்டு பட்ஜெட்ட நல்லா நீட்டும், நான் அத எதிர்க்க மாட்டேன். ஆனா ஓடுறத கண்ணால பாக்காம காசு குடுக்காதீங்க. கார்ட ஃபுல் லோடுல வேலை வாங்குற ஃபர்மார்க் சாஃப்ட்வேர பத்து பதினஞ்சு நிமிஷம் ஓட விட்டு சூடு எங்க போய் நிக்குது, ஃபேன் கடகடங்குதா, ஸ்கிரீன்ல புள்ளி புள்ளியா ஏதாவது வருதான்னு பாருங்க, அப்புறம் ஒரு கேமையும் ஓட்டிப் பாருங்க. கார்டு ஸ்க்ரூ தலையெல்லாம் தேஞ்சிருந்தா யாரோ பிரிச்சிருக்காங்கன்னு அர்த்தம், ஏன்னு கேளுங்க. செகண்ட் ஹேண்ட்ல எஸ்எம்பிஎஸ் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஒரு வருஷம் கழிச்சு 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன். அஞ்சாறு நாள் விளையாடிட்டு பெருசா ஒண்ணும் தெரியலையேன்னு இருந்தேன், அப்புறம்தான் விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்ஸ்ல அது 60லயே நிக்குதுன்னு பாத்தேன். மாத்தின அந்த நொடி மவுஸ் நகர்றதுலயே தெரிஞ்சுது. லிஸ்ட் போட்டப்ப எட்டு கோருக்கும் கண்ணாடிக்கும் போக இருந்த காசுதான் இந்த மானிட்டருக்கு வந்துச்சு.

அந்தப் பழைய எஸ்எம்பிஎஸ் கொஞ்ச நாள் அலமாரி மேலயே கிடந்துச்சு. தெரிஞ்ச பையன் ஒருத்தன் அவனும் பிசி போடுறான்னு, "அண்ணே சும்மாதானே கிடக்கு, குடுங்களேன்"னு கேட்டான். 500 வாட்தானே, அவனுக்கு என்ன தெரியும். அவனையே பக்கத்துல உக்கார வச்சு ஸ்டிக்கர்ல 12 வோல்ட்டுக்கு நேரா இருக்கிற நம்பரப் படிக்கச் சொன்னேன், பெருக்கச் சொன்னேன், பழுப்பாப் போன அந்த அடாப்டரையும் கைல குடுத்தேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு வச்சுட்டான். அடுத்த நாள் எஸ்எம்பிஎஸ்ஸோட கேபிள் எல்லாத்தையும் வெட்டிட்டு, வேற யாரும் எடுத்து மாட்டிடக் கூடாதுன்னு, ரெண்டையும் இ-வேஸ்ட் எடுக்கிற எடத்துல போட்டுட்டு வந்தேன்.